ராஜ்மா முதலில் அடுப்பில் கொதிக்கட்டும், பிறகு ஓவனுக்குப் போகட்டும்

ஊறவைத்த ராஜ்மாவை வேகவைக்காமல் நேராக ஓவனில் வைக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். புதுச்சேரியில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். மார்கழி தொடங்கிப் பொங்கல் வரைக்கும் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் இப்போது ஓவன் அடிக்கடி வருகிறது. ராஜ்மாவோடு குளிர்காலக் காய்களைச் சேர்த்து, மேலே ரொட்டித்தூள் தூவி, பொன்னிறமாக முறுகவிட்டு எடுக்கும் பதார்த்தம் வீடுகளில் பரவிவிட்டது. நல்ல சாப்பாடு அது. புரதம், நார்ச்சத்து, காய் எல்லாம் ஒரே தட்டில் கிடைக்கிறது. அதைச் செய்யும் முறையில் ஒரு படியைத் தாண்டிவிடுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் புது ஓவனில் செய்து பார்த்திருக்கிறார். ராத்திரி முழுக்க ஊறிய சிவப்பு ராஜ்மா, கேரட், பரங்கிக்காய், வெங்காயம், நிறையத் தக்காளி. 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டில் எல்லாருக்கும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. “காய் கெட்டுப் போயிருந்துச்சா மேடம், இல்ல தண்ணி சரியில்லையா?” என்று கேட்டார். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மிச்சத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். ஒரு ராஜ்மாவை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்தேன். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது. உள்ளே பருப்பு இரண்டாகப் பிளந்தது, ஆனால் மசியவில்லை. நடுவில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து, உலர்ந்து கிடந்தது. காயிலும் தண்ணீரிலும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. ராஜ்மா வேகவில்லை, அவ்வளவுதான்.

ராஜ்மாவில் பைட்டோஹீமாகுளூட்டினின் என்ற லெக்டின், அதாவது ஒரு வகைப் புரதம், இயற்கையாகவே இருக்கிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் நஞ்சு. இதை ஒரு தனி அலகில் அளப்பார்கள். பச்சைச் சிவப்பு ராஜ்மாவில் அது 20,000 முதல் 70,000 வரை இருக்கும். முழுசாக வெந்ததில் 200 முதல் 400 அலகுதான். நாலைந்து வேகாத விதைகளே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுவலி, பேதி. பெரும்பாலோருக்கு அடுத்த சில மணி நேரத்தில் தானாகவே தணிந்துவிடும். அதனால்தான் பலரும் “வெளியில சாப்பிட்டது ஒத்துக்கல” என்று விட்டுவிடுகிறார்கள், காரணம் தெரியாமலே போகிறது. இங்கிலாந்தில் 1976 முதல் 1989 வரை சந்தேகத்துக்குரிய 50 சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஓவன் 160 டிகிரி காட்டும்போது ராஜ்மா எப்படி வேகாமல் போகும் என்று அந்த அம்மாவும் கேட்டார். நியாயமான கேள்வி. 160 என்பது ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு. பாத்திரத்துக்குள் தண்ணீரும் தக்காளிச் சாறும் இருக்கும்வரை உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது. காற்று மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும். மேலே ஆவி போகப் போக அதுவும் சூட்டைக் குறைத்துக்கொண்டே இருக்கும். கனமான பீங்கான் பாத்திரத்தை நிறைத்து வைத்தால் நடுப்பகுதி வெகுநேரம் கொதிநிலைக்குக் கீழேயே நிற்கும். மேலே மட்டும் முறுகி, பார்க்க வெந்தது மாதிரி இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த லெக்டின் அரைகுறைச் சூட்டில் குறைவதற்குப் பதிலாக வீரியம் கூடலாம். 80 டிகிரி அளவில் மட்டும் சூடேறிய ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரை நஞ்சாகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது. நாள் முழுக்க மெல்லிய சூட்டில் வேகவைக்கும் ஸ்லோ குக்கர் பல நேரம் 75 டிகிரியைக்கூடத் தாண்டுவதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி என்று விற்கிறார்கள். ஊறிய ராஜ்மாவை அதில் அப்படியே போட்டுவிட்டுப் போவது ஆபத்து.

நம் வீடுகளில் இத்தனை நாளும் இந்தத் தொல்லை பெரிதாக வராததற்கு பிரஷர் குக்கர்தான் காரணம். விசில் வரும்போது உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி. ராஜ்மாவின் நஞ்சு அதில் நிற்காது. பழைய வழக்கத்தில் பாதுகாப்பு தானாகவே அமைந்திருந்தது. புதுச் சாதனம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பை நாமே கவனித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளை ராஜ்மாவில் இந்த நஞ்சு சிவப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. குறைவுதான், ஆனாலும் அதையும் முதலில் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். மொச்சைக்கும் டபுள் பீன்ஸுக்கும் கணக்கு கொஞ்சம் வேறு. அவற்றில் சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் உண்டு. கடையில் வரும் வெள்ளை டபுள் பீன்ஸில் அது குறைவு. அதையும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூடாத பாத்திரத்தில் ஒரு கொதி விடுவது நல்லது. சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு வைக்கிற ஏழுகறிக் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, சேனை, அவரை, வாழைக்காய் என்று அந்தப் பருவத்துக் காயெல்லாம் அதில் சேரும். பயறும் குளிர்காலக் காயும் சேர்ந்த சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. மொச்சையைத் தனியே வேகவைத்த பிறகே குழம்பில் சேர்ப்பார்கள். அந்த ஒழுங்கை அப்படியே ஓவனுக்கும் கொண்டுபோங்கள்.

நான் சொல்லிக் கொடுக்கும் முறை இது. 200 கிராம் ராஜ்மா நாலு பேருக்குத் தாராளம். எட்டு மணி நேரம் ஊறட்டும். மார்கழிக் குளிரில் வெளியே வைக்கலாம். வெயில் காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் விடியும்போது நுரைத்துப் புளித்திருக்கும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். புதுத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் தளதளவென்று கொதிக்கட்டும். பத்து நிமிடத்திலேயே நஞ்சு அழிந்துவிடும், ஆனாலும் ஒவ்வொரு விதையும் உள்வரை கொதிநிலையைத் தொட்டதா என்ற உறுதிக்காக 30 நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள். குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால் இன்னும் சுலபம். எப்படி வைத்தாலும் கடைசியில் ஒன்றை எடுத்து நசுக்குங்கள். கையில் வெண்ணெயாக மசிய வேண்டும். நடுவில் கட்டி தட்டுப்பட்டால் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள்.

வேகும்வரை தக்காளியும் புளியும் கிட்டவே வரக்கூடாது. புளிப்பு பட்டால் பயறு இளகாமல் இறுகிக்கொள்ளும். அந்த அம்மாவின் பாத்திரத்தில் தக்காளிச் சாறும் சேர்ந்துதான் ராஜ்மாவைக் கெடுத்தது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கிறது, அதிலும் பயறு சீக்கிரம் வேகாது. வேகவைக்க மட்டுமாவது குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். சோடா உப்பு போட்டால் சட்டென்று குழையும்தான், ஆனால் வைட்டமின் பி1 வீணாகும். வருஷக்கணக்காக டப்பாவில் கிடந்த ராஜ்மா எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே இருக்கும். அதோடு போராடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

இனி ஓவன் வேலை. குபேர் மார்க்கெட்டிலோ உழவர் சந்தையிலோ இந்த மாதங்களில் கேரட், நூல்கோல், முள்ளங்கி, காலிஃப்ளவர் நன்றாக வரும். பரங்கியும் சர்க்கரைவள்ளியும் இனிப்புக்கு. ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, நல்லெண்ணெயில் வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகு சீரகப் பொடி சேர்த்து, வெந்த ராஜ்மாவோடும் அது வெந்த தண்ணீர் ஒரு கரண்டியோடும் கலந்து பரப்புங்கள். நேற்றைய பாகெத், அந்த நீளமான பிரெஞ்சு ரொட்டி, மீந்திருந்தால் உதிர்த்துப் பூண்டோடு மேலே தூவுங்கள். 200 டிகிரியில் 40 நிமிடம். கத்தி காயில் இறங்கினால் எடுத்துவிடலாம். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தை மூடி, பழைய தோசைக்கல்லின் மேல் சிறு தீயில் வைத்தாலும் சுவை குறையாது.

டின்னில் வரும் வேகவைத்த பீன்ஸைப் பற்றியும் கேட்பார்கள். அது டின்னிலேயே அதிகச் சூட்டில் பதப்படுத்தப்பட்டது, நஞ்சுப் பயம் இல்லை. சர்க்கரையையும் உப்பையும் மட்டும் லேபிளில் பாருங்கள். பல வகைகளில் 100 கிராமுக்கு 5 கிராமை ஒட்டிச் சர்க்கரையும் அரை கிராமுக்கு மேல் உப்பும் இருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பெரிய டின்னில் பாதியைச் சாப்பிட்டால் அதில் கால் பங்கு ஒரே வேளையில் போய்விடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் வைத்த ராஜ்மாவைத் தயங்காமல் சாப்பிடலாம். அந்த வேளைக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டால் போதும், கூடவே சர்க்கரைவள்ளியை அள்ளிப் போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ராஜ்மா, தக்காளி, பரங்கி மூன்றிலும் பொட்டாசியம் உண்டு.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். ஒருவேளை வேகாத ராஜ்மாவைச் சாப்பிட்டு வாந்தி வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சமைத்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.