வேலூரில் அடுக்குமாடி வீடு வாங்குவோர் ‘ரெரா இருக்கிறது’ என்ற பேச்சை நம்பும் முன்

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை, முன்பு மாடியில் நின்றால் மலை தெரிந்த தெருக்களில், இன்று தூண்களுக்கிடையே வண்டி நிறுத்த விடும் ஸ்டில்ட் பார்க்கிங்கும் அதன்மேல் ஐந்து தளங்களும் கொண்ட கட்டடங்கள் வரிசையாக எழும்புகின்றன. விஐடி மாணவர்களுக்கோ சிஎம்சிக்கு வரும் நோயாளிகளின் குடும்பத்துக்கோ வாடகைக்கு விடலாம் என்ற கணக்கில் ஓய்வூதியப் பணத்தைப் போடுபவர்களும், ஒரே ஒரு வீட்டுக்காக இருபது ஆண்டுத் தவணையில் சிக்கிக்கொள்பவர்களும்தான் இவற்றை வாங்குகிறார்கள். விற்பவர்கள் இவர்களிடம் தவறாமல் சொல்லும் வாக்கியம், “ரெரா இருக்கிறது, பயப்படாதீர்கள்” என்பது. அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைப் பார்த்து அலுத்துப்போனதால் இதை எழுதுகிறேன்.

ரெரா என்பது 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்; அதன்படி அமைந்த ஆணையத்தையும் பேச்சில் ரெரா என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டின் ஆணையம் சென்னையில் இருக்கிறது. ஆணையத்தில் பதிவு செய்யாமல் எந்தத் திட்டத்தையும் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தக் கட்டடத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

முதல் பொறி எட்டு என்ற எண்ணில் இருக்கிறது. மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாமலும் வீடுகள் எட்டைத் தாண்டாமலும் இருந்தால் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் பன்னிரண்டரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் விற்பனைக்கு வரும் பல கட்டடங்கள் மிகச் சரியாக எட்டு வீடுகளோடு நிற்பது தற்செயல் அல்ல. பக்கத்து மனையிலும் அதே நபர் இன்னொரு எட்டைக் கட்டி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கேட்டும் ஒரு போர்வெல்லும் வைத்திருந்தால், ஒரு திட்டத்தின் வீடுகளை “எல்லாக் கட்டங்களையும் சேர்த்து” எண்ண வேண்டும் என்று சட்டம் சொல்வதை நினைவில் வைத்து, இரண்டு பத்திரங்களின் நகலையும் கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே எட்டு வீட்டோடு முடிகிற கட்டடம் என்றால் ரெரா கைகொடுக்கும் என்று எண்ணாதீர்கள்; உங்களுக்கு உரிய இடம் வேலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கேயே வழக்கு நடக்கும். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். “இதோ அடுத்த மாதம் முடித்துத் தருகிறேன்” என்ற பேச்சிலேயே அந்த இரண்டு ஆண்டும் கரைந்துவிடுவதுதான் வழக்கம்.

அடுத்தது பதிவு எண். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், வழவழப்பான விளம்பரத் தாளைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்திருந்தார். அடியில் ரெரா எண் என்று பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தபோது, அதன் நடுவில் ‘ஏஜென்ட்’ என்ற சொல் இருந்தது. அது தரகரின் பதிவு எண். கட்டடத்துக்கு எண்ணே இல்லை. கட்டடத்துக்கான எண்ணில் ‘பில்டிங்’ என்று இருக்கும். ‘லேஅவுட்’ என்று இருந்தால் அது மனைப்பிரிவின் பதிவு. அந்த மனைப்பிரிவுக்குள் ஒருவர் எழுப்பும் அடுக்குமாடிக்கு அது செல்லாது. ‘டிடிசிபி அப்ரூவ்டு’, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்றது, என்று பெரிய பலகை வைத்திருப்பதும் பெரும்பாலும் மனைப்பிரிவைப் பற்றித்தான். ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைத் தேடி, அனுமதி பெற்ற தளங்களின் எண்ணிக்கையையும் முடிக்க வேண்டிய தேதியையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

தளங்களின் எண்ணிக்கையை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரும்பாலான துயரம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்கு அகலமான சாலை வேண்டும், சுற்றிலும் கூடுதல் காலியிடம் வேண்டும், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். ஸ்டில்ட்டும் ஐந்து தளங்களும் அந்த உயரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு அனுமதி வாங்கிவிட்டு, மேலே ‘பென்ட்ஹவுஸ்’ என்று இன்னொரு தளத்தை ஏற்றினால், கட்டடம் அனுமதியே பெறாத இன்னொரு வகைக்குள் போய்விடுகிறது. அதன்பின் அந்தக் கட்டடத்துக்கு, அனுமதிப்படி கட்டி முடிக்கப்பட்டது என்று காட்டும் நிறைவுச் சான்றிதழ் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாதிக்கப்படுவது மேல் தளத்தை வாங்கியவர் மட்டுமல்ல, கீழே விதிப்படி கட்டப்பட்ட வீட்டை வாங்கியவரும்தான், ஏனென்றால் சான்றிதழ் கட்டடம் முழுவதற்கும் சேர்த்தே தரப்படுகிறது.

சான்றிதழ் இல்லாவிட்டால் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் இல்லை. சிறிய வீடுகளுக்கு இதில் விலக்கு உண்டு. அதைக் காட்டி “நமக்கெல்லாம் சிசி (நிறைவுச் சான்றிதழ்) தேவையில்லை” என்று ஆறுமாடிக் கட்டடத்தை விற்பவர்களும் இருக்கிறார்கள். குடிவந்தவர்கள் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். அதில் 100 யூனிட் இலவசம் கிடையாது, கட்டணமும் வீட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம். ஈபி அலுவலகத்தில் கேட்டால் நிறைவுச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்வார்கள். மாநகராட்சியில் கேட்டால் இது நகர் ஊரமைப்பு அலுவலகம் கொடுத்த அனுமதி என்பார்கள். அங்கே போனால் கட்டியவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பார்கள். கட்டியவரோ “அப்ளை பண்ணியாச்சு” என்பார். நால்வரும் பொய் சொல்லவில்லை, நால்வரும் வேலையும் செய்யவில்லை.

இந்தச் சுற்றை அறுக்கத் தகவல் உரிமை மனு ஒன்றே போதும், அதுவும் பணம் கட்டுவதற்கு முன்பே போட்டால். திட்ட அனுமதி ஆணையில் யார் கையெழுத்திட்டிருக்கிறார்களோ அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இந்தச் சர்வே எண்ணில் எத்தனை தளங்களுக்கு, எத்தனை வீடுகளுக்கு அனுமதி, நிறைவுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் வந்த தேதி என்ன, விதிமீறலுக்காக அறிவிப்பு ஏதேனும் அனுப்பப்பட்டதா. “ஏன் தரவில்லை” என்று மட்டும் கேட்காதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள். பதில் தர 30 நாள் கெடு. அதுவரை பொறுக்க முடியாது என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே உங்களுக்கு வேண்டிய பதில்.

கோட்டையைச் சுற்றி வாங்குவோருக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டவே தடை. அதற்கடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்ற முன்னனுமதி வேண்டும். கோட்டைச் சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்து “நூற்றிருபது மீட்டர் வருகிறது” என்று காட்டுவார்கள். அளவு தொடங்குவது சுவரிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் வாங்கிய அனுமதியைப் புதுக் கட்டட அனுமதிபோலக் காட்டுவதும் நடக்கிறது.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை மட்டுமாவது படியுங்கள். வீட்டை ஒப்படைக்கும் தேதி எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது “பணி தொடங்கிய நாளிலிருந்து 24 மாதம்” என்று எழுதிவிட்டு, பணி தொடங்கும் நாளுக்கு நேரே கோடு போட்டு வெற்றிடமாக விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தாமதத்துக்கு வட்டி கேட்கும்போது அந்த வெற்றிடம்தான் உங்களைக் கவிழ்க்கும். பரப்பளவு, படிக்கட்டு, நடைவழி போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த ‘சூப்பர் பில்ட்அப்’ கணக்கில் இருந்தால், சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் உண்மையில் பயன்படும் தரைப்பரப்பு, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். திறந்தவெளிக் கார் நிறுத்தத்துக்குத் தனி விலை போட்டிருந்தால் கொடுக்காதீர்கள். அது எல்லோருக்கும் பொதுவான இடம், விற்க முடியாதது.

குடிபுகுந்தபின் சுவர் கசிந்தால், “இது ஸ்ட்ரக்சுரல் டிஃபெக்ட் இல்லை” என்று கைகழுவுவார்கள். சட்டம் கட்டமைப்புக் குறையோடு வேலைத்தரக் குறையையும் சேர்த்தே சொல்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரிவித்தால் 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது; ஒப்புகைச் சான்றுடன் அஞ்சலில் அனுப்புங்கள்.

ரெராவில் புகார் செய்யும்போது படிவம் மாறினால் மாதங்கள் போய்விடும். பணத்தைத் திரும்பப் பெறவும் தாமத வட்டி கேட்கவும் ஆணையத்திடம் படிவம் எம். இழப்பீடு கேட்கத் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் படிவம் என். இரண்டையும் ஒரே மனுவில் கேட்கக் கூடாது. இந்த வேறுபாட்டை வாசலிலேயே சொல்லித்தர ஆளில்லை.

தீர்ப்பு வந்தபின்னும் கட்டியவர் பணம் தராவிட்டால், நில வருவாய் நிலுவையைப் போல மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்க வேண்டும். இங்கேதான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். 2019இல் வேலூர் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தபின், கட்டியவரின் சொத்து வாலாஜாவில் இருந்தால் வசூல் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூரில் இருந்தால் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். கோப்பு நடுவில் எங்கேயாவது உறங்கிவிடும். வட்டாட்சியர் “சொத்து எதுவும் கண்டறியப்படவில்லை” என்று எழுதி முடித்துவிடுவதற்கு இடம் கொடுக்காமல், கட்டியவரின் பெயரிலுள்ள சொத்துகளுக்கு நீங்களே வில்லங்கச் சான்று எடுத்து, சர்வே எண்களோடு பட்டியலிட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.