முன்னால் எடு, பின்னால் வை: டிராக் ரேஸ் கார்கள் இளைத்த விதம்

1964-ல் அமெரிக்காவில் ஃபோர்டு விற்ற ஒரு காருக்குள், எந்தக் கம்பெனியும் தன் சரக்கைப் பற்றி எளிதில் வாய் திறந்து சொல்லாத சேதி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். எடையைக் குறைப்பதற்காகவே கட்டிய வண்டி இது. தகடுகள் பொருந்தியிருக்கும் நேர்த்தியிலும் வெளித்தோற்றத்திலும் எங்கள் வழக்கமான தரம் இதில் இருக்காது என்பது அதன் சாரம்.

ஃபேர்லேன் தண்டர்போல்ட் என்பது அந்தக் காரின் பெயர். குடும்பத்தோடு போய்வர வாங்கும் நடுத்தர அளவு ஃபேர்லேனுக்குள், பெரிய கார்களுக்கென்று செய்த 7 லிட்டர் வி-8 எஞ்சினைத் திணித்தார்கள். அது உள்ளே இறங்குவதற்காக முன்பக்க சஸ்பென்ஷன் கட்டமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. மொத்தம் 100 வண்டிகள்தான். ரேடியோ, ஹீட்டர், வெயில் மறைப்பு, கைதாங்கி, சத்தம் அடக்கும் தார்ப்பூச்சு எல்லாம் போயின. தரைவிரிப்புக்குப் பதில் ரப்பர் மேட். பக்கத்து சீட்டுக்காரர் முன்னால் இருக்கும் வைப்பரைக்கூட விட்டுவைக்கவில்லை. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஃபைபர் கிளாஸ், பக்கவாட்டுக் கண்ணாடிகள் அக்ரிலிக், சீட்டு வேனிலிருந்து எடுத்த மெலிந்த சீட்டு. நான்கு ஹெட்லைட்டில் உள்பக்க இரண்டையும் கழற்றிவிட்டு அங்கே வலை போட்டு, கார்புரேட்டருக்குக் காற்றுக் குழாய் இழுத்தார்கள்.

இத்தனையையும் கழித்துக்கட்டியவர்கள் பேட்டரியை மட்டும் கொண்டுபோய் டிக்கியில் வைத்தார்கள். சின்ன பேட்டரியாவது வைத்தார்களா என்றால் அதுவும் இல்லை, கனத்த ஒன்று. அங்கே வரை இழுத்த தடித்த கேபிளின் எடை வேறு. கிராம் கணக்குப் பார்த்தவர்கள் இதை ஏன் செய்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓடுவது. வளைவு கிடையாது. எத்தனை வினாடி என்பதுதான் கேள்வி. எஞ்சின் முழு பலத்தையும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், தூரத்தைக் கடக்கும் நேரம் எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தைப் பொறுத்து அமையும். ஓட்டக்காரர்கள் புழங்கும் அனுபவச் சூத்திரமும் அதே கனமூலம்தான். நிஜத் தடத்துக்கு ஏற்ப ஒரு மாறிலியைச் சேர்த்திருக்கிறார்கள். 1,590 கிலோ எடையும் 400 குதிரைத்திறனும் உள்ள கார் அதன்படி 12 வினாடியில் ஓடும். 45 கிலோ குறைத்தால் 11.9. நூறு பவுண்டு எடுத்தால் ஒரு பத்தில் ஒரு பங்கு வினாடி என்று அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு இங்கிருந்து வருவதுதான். கோட்டைத் தாண்டும்போது அந்தக் கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்; 0.1 வினாடியில் 5 மீட்டர் போய்விடும். ஒரு ஃபேர்லேனின் முழு நீளம் அது.

கனமூலம் கருமித்தனமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடையைச் சரிபாதியாக்கினாலும் நேரம் 21 சதவீதம்தான் குறையும்.

இந்தச் சூத்திரம் ஓட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்கிறது. ஆனால் கிளம்பும் முதல் சில பத்து மீட்டரில் கதை வேறு. அங்கே எஞ்சினுக்குப் பலம் போதாமல் இல்லை, டயருக்குத்தான் பிடிப்பு போதவில்லை. பின் சக்கரம் ஓட்டும் காரில், டயர் தரையை எவ்வளவு தள்ள முடியும் என்பது அதன்மேல் எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. காரை எல்லாப் பக்கமும் சமமாக இளைக்க வைத்தால், தள்ள வேண்டிய நிறை குறையும். பின் டயர்மேல் இருக்கும் பாரமும் அதே விகிதத்தில் குறையும். ஒன்றை ஒன்று அடித்துவிட, கிளம்பும் முடுக்கம் இருந்தபடியே இருக்கும். எத்தனை கிலோ என்பது அந்த நேரத்தில் பேச்சே இல்லை. மொத்த எடையில் எத்தனை பங்கு பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பேச்சு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,600 கிலோ கார். பழைய அமெரிக்கக் கார்களின் வழக்கப்படி எடையில் 55 சதவீதம் முன்னச்சின் மேல். அச்சுகளுக்கு இடையே 2.9 மீட்டர், நிறை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், டயரின் உராய்வுக் கெழு 1. முடுக்கும்போது பாரம் பின்னால் சாய்வதையும் சேர்த்தால், இந்தக் கார் கிளம்பக்கூடிய உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.54 பங்கு. முன்னச்சின் மேலிருந்து 100 கிலோ எடுத்தால் அது 0.58 ஆகும். அதே 100 கிலோவைப் பின்னச்சின் மேலிருந்து எடுத்தால் 0.50-க்கு விழும். கார் இளைத்திருக்கும், கிளம்புவது மட்டும் மந்தமாகியிருக்கும்.

தண்டர்போல்ட்டின் பேட்டரி டிக்கிக்குப் போனது இதனால்தான். அதிலும் டிக்கியின் வலது ஓரத்துக்கு. எஞ்சினின் பலத்தைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் முறுக்கும்போது அந்த முறுக்கு பின்னச்சு முழுவதையும் திருகப் பார்க்கும். இடது பின் டயர் தரையில் அழுந்தும், வலது பின் டயர் லேசாகும். லேசாகும் பக்கத்தில் கனத்தை வைத்துவிட்டால் இரண்டு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்யும். அந்தக் காலத்தில் இந்தப் பிரிவில் அனுமதித்த ஸ்லிக் டயர், அதாவது வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான ரேஸ் டயர், 7 அங்குல அகலம்தான். அவ்வளவு குறுகிய ரப்பரில் 500 குதிரைத்திறனுக்கு மேல் இறக்க வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு கிலோவின் இருப்பிடமும் முக்கியம். அந்த ஆண்டே காஸ் ரோண்டா என்ற ஓட்டக்காரர் தண்டர்போல்ட்டில் ஸ்டாக் பிரிவுப் பட்டத்தை வென்றார்.

மறு ஆண்டு கிரைஸ்லர்காரர்கள் இதே தர்க்கத்தை அதன் எல்லை வரை இழுத்துக்கொண்டு போனார்கள். கனத்தை எதற்குப் பின்னால் நகர்த்த வேண்டும், சக்கரத்தையே முன்னால் நகர்த்திவிட்டால் போயிற்று என்று பின்னச்சை 15 அங்குலமும் முன்னச்சை 10 அங்குலமும் முன்னுக்குத் தள்ளினார்கள். பார்க்கக் கோணலாக, விநோதமாக இருந்ததால் அவற்றை ஃபன்னி கார் என்று அழைக்கத் தொடங்கினார்கள். பிறகு அது ஒரு தனிப் பிரிவுக்கே பெயராகிவிட்டது.

அந்த வண்டிகளின் உடலை அமிலத் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். இரும்புத் தகட்டை அமிலம் இருபுறமும் அரித்து மெல்லிசாக்கும். ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்று தனித்தனியாக மாற்றாமல் முழுக்கூட்டையும் ஒரே மூச்சில் இளைக்க வைக்கும் வழி. எனக்கு இதில் மதிப்பு குறைவு. மடிப்புகளுக்குள்ளும் வெல்டிங் இணைப்புகளுக்குள்ளும் புகுந்த அமிலத்தை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. உள்ளே இருந்துகொண்டே துருவைக் கிளப்பும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், தடிமன் 20 சதவீதம் குறைந்தாலே வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். கை ஊன்றினால் அமுங்கும் கூரை அப்படித்தான் வருகிறது.

அதே மும்மடி விதி அலுமினியத்துக்குச் சாதகமாக வேலை செய்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, வளைவை எதிர்க்கும் மீள்மைக் குணகமும் மூன்றில் ஒரு பங்கு. அதனால் லாபமே இல்லை என்று தோன்றும். ஆனால் தகட்டை 1.44 மடங்கு தடிமனாக்கினால் இரும்புத் தகட்டின் அதே விறைப்பு கிடைத்துவிடும், எடையோ பாதிதான்.

1963-ல் போன்டியாக் தன் கேட்டலினா காரின் முன்பக்கத் தகடுகளை அலுமினியத்தில் அடித்தது. அதோடு நிற்காமல் சேஸிஸ் சட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெரிய துளைகளைப் போட்டது. ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டியின் பெயரால் ஸ்விஸ் சீஸ் என்றே அதை அழைக்கிறார்கள். செய்தது 14 வண்டிகள்; அந்த ஜனவரியிலேயே தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் ரேஸ் வேலைகளை நிறுத்தச் சொல்லிவிட்டது.

துளை போடுவது கேட்பதற்குத் தற்கொலை மாதிரி இருந்தாலும் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு சட்டம் வளையும்போது மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் பாரத்தைச் சுமக்கின்றன. நடு உயரத்தில் இருக்கும் உலோகம் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் ஒவ்வொரு துணுக்கும் வளைவை எதிர்க்கிறது. ஆக நடுவில் துளைத்தால் வளைவுக்கு எதிரான பலம் அதிகம் போகாது. முறுக்கு என்று வரும்போதுதான் சிக்கல். தீப்பெட்டியின் வெளிக்கூட்டை ஒரு விளிம்பில் நீளவாக்கில் கிழித்துவிட்டு முறுக்கிப் பார்த்தால் தெரியும். 10 சென்டிமீட்டர் பக்கமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சதுரக் குழாயை அப்படி நீளமாகப் பிளந்தால், முறுக்கை எதிர்க்கும் விறைப்பு 800-ல் ஒரு பங்காகிவிடும். வட்டத் துளைகளுக்கு நடுவே உலோகப் பாலம் தொடர்ந்து இருப்பதால் அந்த அளவுக்குக் கெடாது. ஆனாலும் இழுவிசை உள்ள தகட்டில் வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். விரிசல் தொடங்குவது அங்கேதான். துளையை விளிம்புக்கு அருகில் போடுகிறவர் கையில் டிரில்லைக் கொடுக்கக் கூடாது.

1968-ல் வந்த கிரைஸ்லரின் ஹெமி டார்ட் இந்தப் பாடங்களையெல்லாம் படித்துவிட்டு வந்த வண்டி. ஃபைபர் கிளாஸ் முன்பக்கம், வேன் சீட்டு, பின் சீட்டே கிடையாது. கதவுக் கண்ணாடி மெல்லிய சிறப்புக் கண்ணாடி. அதை ஏற்றி இறக்கும் கைப்பிடியையும் பல்சக்கரங்களையும் எடுத்துவிட்டு ஒரு பட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிடித்து இழுத்தால் கண்ணாடி மேலே வரும். பெயின்ட்கூட அடிக்காமல் கொடுத்தார்கள். வாங்கியவர் தன் செலவில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சுழலும் எடைக்குத் தனிக் கணக்கு. சக்கரத்தை முன்னால் தள்ளினால் போதாது, சுழற்றவும் வேண்டும். அதனால் ரிம்மிலும் டயரிலும் உள்ள ஒரு கிலோ ஒன்றரைக்கு மேற்பட்ட கிலோவாக நடந்துகொள்ளும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் இன்னும் மோசம், அதன் பங்கு கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகும். 12 கிலோ ஃப்ளைவீல், நிறை அச்சிலிருந்து சராசரியாக 12 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, டயர் ஆரம் 35 சென்டிமீட்டர், முதல் கியரில் மொத்த விகிதம் 11 என்று வைத்துக்கொண்டால், அது காரின்மேல் 170 கிலோ ஏற்றியதற்குச் சமம். கடைசி கியரில் 30 கிலோகூடத் தேறாது. அப்படியானால் ஃப்ளைவீலைச் செதுக்கித் தள்ளிவிடலாமே? கனத்த காரை மேனுவல் கியரில் ஓட்டுகிறவர்கள் யோசிப்பார்கள். கிளம்பும் முன்பே எஞ்சினை ஏற்றிவைத்து கிளட்ச்சை விடும்போது, கனமான ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான் எஞ்சின் தொய்யாமல் காரைப் பிடுங்கிக் கொடுக்கிறது.

இன்றைக்கு ஒரு அறுபதுகளின் காரை வைத்து இந்த வேலையைத் தொடங்குகிறவர் முதலில் தொட வேண்டியது எஞ்சின் பக்கம். வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டுகளுக்குப் பதில் அலுமினியம் போட்டால் பெரிய வி-8-ல் ஜோடிக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் மிச்சம், அதுவும் முன்னச்சின் மேலேயே. ஃபைபர் பானெட், குழாய் எக்ஸாஸ்ட் எல்லாம் அடுத்து. தரையில் ஒட்டியிருக்கும் தார்ப்பூச்சை எடுக்க டிரை ஐஸ் போதும்: துண்டுகளைப் பரப்பிச் சிறிது நேரம் விட்டால் மைனஸ் 78 டிகிரியில் தார் கண்ணாடி மாதிரி நொறுங்கத் தயாராகிவிடும். சுத்தியலால் லேசாகத் தட்டினாலே பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். கையுறையும் திறந்த கதவும் கட்டாயம்; அது ஆவியாகி வரும் கார்பன் டை ஆக்சைடு மூடிய காருக்குள் ஆளை மயக்கிவிடும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியை எடுப்பதில்தான் இரண்டு மனம். மொத்த எடை குறையும், பின்னச்சின் பாரமும் குறையும். பிடிப்பு நன்றாக இருக்கும் தடத்தில் லாபம், வழுக்கும் தடத்தில் நஷ்டம். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் கை வைக்கவே வேண்டாம்.

வேகம் கூடினால் எடை திரும்பி வரும் என்பதும் உண்டு. அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி பழைய கார் 10 வினாடிக்குக் கீழே ஓடினால் ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு வேண்டும். சாதாரண இரும்பில் அதன் சுவர் 3 மில்லிமீட்டர், குரோம்-மாலிப்டினம் கலந்த எஃகில் 2.1 மில்லிமீட்டர் போதும். இரண்டின் அடர்த்தியும் ஒன்றுதான். பலம் அதிகம் என்பதால் மெல்லிசாக வைக்க அனுமதி, அதனால் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் மிச்சம்.

பிரிவுக்குப் பிரிவு குறைந்தபட்ச எடை வரம்பும் இருக்கிறது. தண்டர்போல்ட் காலத்தில் அது 3,200 பவுண்டு, சுமார் 1,450 கிலோ. வரம்பைத் தொட்ட பிறகும் சிலர் முன்னால் இருப்பதைச் சுரண்டிக்கொண்டே இருப்பார்கள். சுரண்டியதில் குறைந்த எடைக்கு ஈடாக ஈயக்கட்டியைப் பின்னச்சுக்குப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா, தராசு ஒன்றும் சொல்லாது. ஏற்றும் கட்டி எதுவானாலும் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும் என்கிறது விதிப்புத்தகம். மணல் மூட்டை, தண்ணீர், கல் எதுவும் செல்லாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியும் தடுக்கிறது.