பிள்ளைக்குச் சிகிச்சை, அம்மாவுக்கு?

பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளையை ஆலோசனைக்குக் கூட்டி வருபவர் பெரும்பாலும் அம்மாதான். "என்னை விடுங்க, பிள்ளையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். சிகிச்சை பாதியாகிப்போவது அங்கேதான்.

அமெரிக்க உளவியலாளர் டெப்ளிங்கர் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைக்கு நேரடியாகச் சிகிச்சை தந்தபோது அதிர்ச்சி அறிகுறிகள் குறைந்தன. மனச்சோர்வும் முரட்டுத்தனமும் குறைந்ததோ, அம்மாவும் சிகிச்சையில் சேர்ந்தபோது. இன்று இதற்கான சிகிச்சை வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். அதில் ஏறக்குறையப் பாதி நேரம் பெற்றோருக்கு.

அம்மா உடைந்துபோனால், "நான் சொன்னதாலதான் அம்மா அழறாங்க" என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். பிறகு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மாற்றிச் சொல்லும். "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்" என்று பெரியவர்கள் நெருக்கும் வீட்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதற்காக அம்மா அழவே கூடாது என்றில்லை. "அம்மாவுக்கு வருத்தமா இருக்கு, ஆனா நீ சொன்னது நல்லதுதான்" என்று கூடவே சொல்ல வேண்டும்.

தூக்கம் கெட்ட அம்மா, நடந்ததை இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்பார். கேட்பவரின் சொல் பிள்ளையின் பதிலில் ஏறிவிடும்; பிள்ளையின் சாட்சியத்தைச் சந்தேகிக்க வைக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும். பிள்ளை தானாகச் சொன்னதை அதே சொற்களில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் துதுசேலா மையம் இருக்கிறது; பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் மையம் அது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை, சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். குமட்டும், பிள்ளை துப்பும். வேளை தவறாமல் கொடுக்க வேண்டிய அம்மா சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், விட்டுப்போவது இந்த மருந்துதான்.

செய்தவனே வீட்டுக்குச் சம்பாதிப்பவன் என்றால் வாடகைக் கவலை அம்மாவின் வாயை அடைத்துவிடும். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கட்டணமின்றிப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அவனை வீட்டுக்குள் நுழையாமல் தடுக்கவும் அவசரப் பண உதவிக்கும் அந்த ஆணையிலேயே வழி உண்டு.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரம் நீடித்தால் அம்மா தனக்காகவே கிளினிக்குக்குப் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "பலனில்லை" என்று நிறுத்துபவர்கள் நிறைய. காவடி நேர்ந்துகொள்வது அவரவர் நம்பிக்கை, விரதத்தைச் சொல்லி மாத்திரையை மட்டும் விடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவில் பாலின வன்முறை உதவி எண் 0800 428 428, 24 மணி நேரமும் இலவசம். பிள்ளைகளுக்கான உதவி எண் 116.

வழக்கு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் பயக்கனவும் படுக்கையை நனைப்பதும் திரும்ப வரலாம். அம்மாவும் சாட்சி என்றால், தன் முறை முடியும்வரை நீதிமன்ற அறைக்கு வெளியேதான் காத்திருக்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளையோடு இருக்க, சாட்சியல்லாத ஒரு சித்தியையோ அத்தையையோ முன்னாலேயே ஏற்பாடு செய்யுங்கள்.