சீழ் வடியும் காதில் தலைச்சுற்று ஏன் வருகிறது?

காதில் சீழ் வடிவதை வன்னியில் பலர் வருத்தமாகவே கணக்கெடுப்பதில்லை. குளத்தில் முழுகினால் வடியும், பிறகு காயும், தடிமன் பிடித்தால் மறுபடி வடியும். சிறுவயதிலேயே தொடங்கியவர்கள் உண்டு. 2009 வரை நீடித்த போரில் செல் வெடித்த அழுத்தத்தால் செவிப்பறை கிழிந்து, ஓட்டை மூடாமலே இருப்பவர்களும் உண்டு. அந்தக் காதோடு தலைச்சுற்றும் சேர்ந்தால், பிரஷர், சத்துக்குறைவு என்று தள்ளிப்போடக் கூடாது.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி. அதற்கும் அப்பால், எலும்புக்குள், உட்செவி. அங்கேதான் சமநிலைக்கான மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. இரண்டு காதும் மூளைக்கு ஒத்த செய்தி அனுப்பும்வரை தடுமாற்றமில்லை. ஒன்று மாறிச் சொன்னால் உலகமே சுழலும்.

மிகவும் கவனிக்க வேண்டியது கொலஸ்டியட்டோமா. தோல் நடுச்செவிக்குள் புகுந்து, உதிரும் செதில்கள் வெளியேற வழியின்றிப் பையாகத் திரண்டு, சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். சீழ் கொஞ்சமாகத்தான் வரும், நாற்றமோ பொறுக்க முடியாது. இந்த அரிப்பில் பெரும்பாலும் அகப்படுவது, அந்த மூன்று அரைவட்டக் கால்வாய்களில் நடுச்செவிப் பக்கம் துருத்தி நிற்கும் கிடைக்கால்வாய். அதன் எலும்பில் துளை விழுந்தால், காது வாசலின் குருத்தெலும்பை வைத்தியர் உள்நோக்கி அழுத்தும் கணமே தலை சுழன்று, கண்மணிகள் பக்கவாட்டில் துடிக்கக்கூடும். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

சீழ் உட்செவிக்குள்ளேயே புகுந்துவிட்டால் சுழற்சி நிற்காது, வாந்தி வரும், அந்தக் காதின் கேட்கும் திறன் போய்விடும். சில வாரங்களில் தலைச்சுற்று அடங்கும். சுகமாகிவிட்டது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். உண்மையில் அந்தப் பக்கச் சமநிலை உறுப்பு செயலிழந்து, மற்றக் காதை வைத்துச் சமாளிக்க மூளை பழகியிருக்கும். போன கேட்கும் திறன் திரும்பாது.

ஓட்டைக் காதில் குளிர்ந்த தண்ணீர் போனாலும் தலை சுற்றும். அது ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். துளிமருந்துப் போத்தலையும் கைக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகே விடுங்கள். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த துளிகள் ஓட்டை வழியாகப் போய் உட்செவியைக் கெடுக்கக்கூடும் என்பதால், பாமசியில் கேட்டு வாங்கி விட வேண்டாம். இத்தகைய காதுக்கு வழமையாகக் கொடுப்பது சிப்ரோஃப்ளொக்சசின் துளி. அதற்கு முன், சுத்தமான பஞ்சைத் திரியாக முறுக்கி வைத்து, நனைந்ததும் மாற்றி, காய்ந்த திரி வரும்வரை துடைக்க வேண்டும். நாளுக்கு மூன்று தடவை. உள்ளி காய்ச்சிய எண்ணெய் வேண்டாம். குளிக்கும்போது வாஸ்லீன் பூசிய பஞ்சால் காதை அடையுங்கள்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்து விறைப்பு, முகம் ஒரு பக்கம் கோணுதல், நடை தள்ளாடுதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமி மூளைப் பக்கம் பரவியிருக்கலாம். தலைச்சுற்று மட்டும் என்றாலும் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. எலும்பு அரிபட்டிருந்தால் சீ.ரி. ஸ்கேனில் தெரியும், கொலஸ்டியட்டோமாவுக்குச் சத்திரசிகிச்சைதான் வழி. ஓ.பி.டி.யில் தலைச்சுற்று என்று மட்டும் சொல்லாமல், எந்தக் காது வடிகிறது, எவ்வளவு காலமாக, என்ன துளி விட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.