இலை வண்டிக்கு எது சிறந்த வழி?

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். பச்சை இலை சாக்கில் அடைந்தே கிடந்தால் உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். அதில் நல்ல தூள் வராது. இலை வண்டி எந்த வரிசையில் சுற்றுகிறது என்பது அவ்வளவு முக்கியம்.

ஒரு தொழிற்சாலையில் ‘மிகச் சிறந்த வழி’ காட்டும் மென்பொருள் வாங்கியிருந்தார்கள். இருபது இடங்களில் இலை எடுக்க வேண்டும். வண்டி திரும்பவே இருட்டிவிடும். முதலில் ஏற்றிய சாக்குகள் சூடாகியிருக்கும். “தம்பி, கீழ்க்கோத்தகிரிக்கு இறங்கச் சொல்லுது, அப்புறம் லோடோட மறுபடி மேல ஏறச் சொல்லுது” என்றார் டிரைவர் அண்ணன். சோதித்துப் பார்த்தேன். எது பக்கமோ அங்கே போ என்பதுதான் அதன் உத்தி. விட்டுப்போன இடங்களுக்கெல்லாம் கடைசியில் அலைய வேண்டியதாகிறது.

விற்றவர்களைக் கேட்டால், “இது என்பி-ஹார்டு, யாராலும் முடியாது” என்றார்கள். கணினிக்கு மிகக் கடினமான கணக்கு வகைக்கு அப்படிப் பெயர். இந்தப் பதிலை நம்பிவிடாதீர்கள். கணினி அறிஞர்கள் குக் 1971-இலும் கார்ப் 1972-இலும் தொடங்கிவைத்த ஆய்வு சொல்வது வேறு: இடங்கள் எத்தனை கூடினாலும் வேகமாக, சரியாக விடை தரும் முறை இதுவரை யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றும் எவரும் நிரூபிக்கவில்லை. உங்கள் இருபது இடங்களுக்கு விடை கிடையாது என்று அது சொல்லவே இல்லை.

இருபது இடங்களுக்குச் சுமார் 24,300 கோடி கோடி வரிசைகள். நொடிக்கு 100 கோடி வரிசை பார்த்தாலும் 77 ஆண்டுகள் ஆகும். ஆனால் 1962-இலேயே ஹெல்டும் கார்ப்பும், தனியாக பெல்மனும், ஒன்றைக் கவனித்தார்கள். எந்தெந்த ஊர் முடிந்தது, இப்போது எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தால் போதும்; அவற்றை எந்த வரிசையில் முடித்தோம் என்பது மீதிப் பயணத்துக்குத் தேவையில்லை. இதை வைத்துக் கணக்குப் போட்டால் வேலை சுமார் 42 கோடிப் படிகளுக்குச் சுருங்கிவிடும். சாதாரண மடிக்கணினிக்குச் சில நொடி வேலை! இந்த ஒரு கவனிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இடங்கள் நூற்றுக்கணக்கில் போனால் இந்த முறை தாங்காது. தோராயம் போதும் என்றால், அது எவ்வளவு தவறலாம் என்பதற்கு உத்தரவாதம் வேண்டும். 1976-இல் கிறிஸ்டோஃபிடிஸ் கொடுத்த முறை, சிறந்த வழியைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டவே தாண்டாது. ஆனால் அதற்குப் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் கொண்டை ஊசி வளைவுகளில் அது நடக்குமா? ஏற்றமும் இறக்கமும் வேறுபடும் கணக்குக்கு, இடங்கள் கூடினாலும் மாறாத ஒரு மடங்கு உத்தரவாதத்தை ஸ்வென்சன், டார்னாவ்ஸ்கி, வேக் மூவரும் 2018-இல்தான் முன்வைத்தார்கள்.

ஆகவே வாங்கும் முன் கேளுங்கள்: இது நிரூபித்த விடையா, தோராயமா? தோராயம் என்றால் எத்தனை மடங்குக்குள்? ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனி நேரம் எடுத்துக்கொள்கிறதா?

டிரைவர் அண்ணன் இரண்டு நேரங்களையும் நோட்டில் எழுதித் தந்தார். அவற்றை வைத்துக் கணக்கிட்ட புதிய வரிசையில் வண்டி இருட்டும் முன்பே வந்துவிடுகிறது. மழைக்காலத்துக்குத் தனி நோட்டு போட்டுக்கொண்டிருக்கிறார்.