பேய்மிரட்டிக்குத் தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள்

வீட்டுத்தோட்டம் அமைத்துக் கொடுக்கப் போகும் இடங்களில் இப்போதெல்லாம் சேஜ் செடி வேண்டும் என்று கேட்கிறார்கள். படத்தில் பார்த்த வெளிறிய பஞ்சு இலையும் அதன் வாசனையைப் பற்றிக் கேள்விப்பட்டதும்தான் காரணம். அது மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. நம் சமவெளியின் வெயிலையும் புழுக்கத்தையும் சேர்த்துத் தாங்காது, பெரும்பாலும் ஒரு கோடையோடு போய்விடும். அதனால் கேட்பவர்களிடம் நான் வேறொரு செடியைப் பற்றிச் சொல்வேன். சேஜும் துளசியும் தும்பையும் சேர்ந்த அதே குடும்பம்தான். அதே மாதிரி பஞ்சு இலை, கசக்கினால் மூக்கில் ஏறும் காரமான மணம். ஆனால் நம் மண்ணுக்கே உரிய செடி. பேய்மிரட்டி.

பெயரைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். "வாசல்ல போய் இதையா வைக்கிறது?" என்று ஒரு அம்மா கேட்டார். பேய்மருட்டி, பெருந்தும்பை என்றும் இதைச் சொல்வதுண்டு. வெதுப்படக்கி என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. வெதுப்பு என்றால் காய்ச்சலின் சூடு, அதை அடக்குவது வெதுப்படக்கி. எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும். அந்த அம்மாவிடமும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் வைக்கச் சம்மதம் வாங்கினேன். நர்சரியில் கேட்கும்போது மட்டும் அனிசோமிலஸ் மலபாரிகா என்ற தாவரவியல் பெயரைச் சொல்லுங்கள், குழப்பம் வராது. இதற்கு நெருங்கிய உறவாக இன்னொரு பேய்மிரட்டியும் உண்டு. அதன் இலை அகலமாக, மெல்லிசாக, பச்சையாக இருக்கும். நாம் தேடுவது நீண்ட, தடித்த இலை உள்ளதை.

ஒரு இலையைப் பறித்து விரலிடுக்கில் வைத்துப் பாருங்கள். கம்பளித் துணியைத் தொடுவது போல இருக்கும். திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை ரோமம். தண்டை உருட்டினால் நான்கு பட்டை விரலுக்குத் தட்டுப்படும். அந்த ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, இலையை ஒட்டிக் காற்று ஓடாமல் தடுத்து ஈரம் போகாமல் காக்கிறது. புதர்க்காட்டிலும் சாலையோரத்திலும் காய்ந்த தரையில் இந்தச் செடி நிற்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். வளர்ப்பு முறையையும் இந்த ரோமத்தை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு இழப்பில்தான். ஒரு வீட்டு மாடியில் ஐந்து செடிகளை வைத்து, ரோஜாவுக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாயிலேயே இவற்றையும் இணைத்துவிட்டேன். தினமும் காலையும் மாலையும் தண்ணீர். மூன்றே வாரத்தில் ஐந்தும் தொங்கிப்போயின. வாடியதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் இன்னும் கூட்டி ஊற்றியிருக்கிறார். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, அழுகல் வாடை. தப்பு என்னுடையது. நல்ல எண்ணத்தோடு ஊற்றப்படும் தண்ணீரால்தான் வீடுகளில் இந்தச் செடி அதிகம் சாகிறது என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆக, நாள் முழுக்க வெயில் விழும் இடம். பன்னிரண்டு அங்குலத் தொட்டி, அடியில் தாராளமான துளைகள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி மக்கிய உரம். அதற்கு மேல் உரம் வேண்டாம், கொழுத்து வளர்ந்து சாய்ந்துவிடும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் அடியில். இலை மேல் தெளித்தால் ரோமத்தில் தங்கிக் கறுப்புப் புள்ளி விழும். தரையில் வைப்பதானால் செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள், ஆள் மார்பு உயரத்துக்கும் வளரும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் தண்ணீர் வேருக்குக் கெடுதல், அதோடு டெங்கு கொசுவுக்கு அதுவே தொட்டில். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். இதன் பச்சை இலையைத் திரியாகச் சுருட்டி, அகலில் எண்ணெய் விட்டு ஏற்றுவது கிராமங்களில் பழக்கம். கொசு வராது என்பார்கள். ஏற்றுங்கள், மணம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டெங்கு கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். மாலை விளக்கை நம்பித் தட்டுத் தண்ணீரைக் கொட்டாமல் விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல் முளைக்கும் குழந்தைக்குக் காய்ச்சல், கழிச்சல் என்றால் இதன் இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அளவு தெரிந்த சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது வேறு, மாடித் தொட்டியிலிருந்து நாமே பறித்துக் கொதிக்க வைப்பது வேறு. கைக்குழந்தைக்குக் கழிச்சல் என்றால் முதலில் மருத்துவரிடம் ஓடுங்கள். செடி தோட்டத்திலேயே இருக்கட்டும்.

பூச்சித் தொல்லை குறைவு. மாவுப்பூச்சி மட்டும் வரும். வெள்ளை இலையில் வெள்ளைப் பூச்சி கண்ணில் படாது, அதனால் தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மேலே எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். மருந்து தெளிப்பதைவிட அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்துவது நல்லது.

மருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம், பூவைத் தேடி வரும் தேனீக்கள். கிளை நுனியில் அடுக்கடுக்காக வெளிர் ஊதாப் பூக்கள் வரும். கீழிதழ் ஒரு திண்ணை மாதிரி நீண்டிருக்கும். தேனீ அதில் வந்து உட்கார்ந்து தலையை உள்ளே விட்டதும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தப் பை அதன் முதுகில் உரசும். காலை எட்டு மணிக்குப் பக்கத்தில் நின்றால் வயிற்றில் நீல வரி போட்ட தேனீயைக்கூடப் பார்க்கலாம், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு அம்பு மாதிரி பாயும். பக்கத்தில் கத்தரி, தக்காளி இருந்தால் அவற்றுக்கும் லாபம், அந்தப் பூக்களை அதிர வைத்து மகரந்தம் உதிர்க்கத் தெரிந்த தேனீ அது.

சாலையோரத்தில் பார்த்தால் வேரோடு பிடுங்காதீர்கள். வளர்ந்த செடி பிடுங்கி நட்டால் பிழைப்பது அபூர்வம், அங்கே இருந்ததும் போய்விடும். பூ முடிந்து காய்ந்த கதிர் ஒன்றை ஒரு காகிதத்தின் மேல் தட்டினால் போதும். பூவின் அடியில் இருந்த கிண்ணம் போன்ற உறைதான் புல்லி, அது ஒவ்வொன்றிலிருந்தும் அதிகபட்சம் நான்கு விதைகள் உதிரும். மணலோடு கலந்து, மேலாக மண் தூவி, மழைக்கு முன்னால் போட்டு வையுங்கள். முளைப்பு ஒரே நாளில் வராது, முன்னும் பின்னுமாக வரும். முதல் இரண்டு முளைத்ததும் மற்றதைக் கிளறிப் பார்க்க வேண்டாம்.