ஹாசப்: ‘புள்ளி’யா, ‘கட்டமா’?

தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி கம்பெனிகளில் தினமும் புழங்கும் சொல் ‘ஹாசப்’. உணவுப் பாதுகாப்பு முறை ஒன்றின் பெயர் இது. ‘ஹசார்டு அனாலிசிஸ் அண்ட் கிரிட்டிக்கல் கன்ட்ரோல் பாயிண்ட்’ என்பதன் முதலெழுத்துகள்தான் இப்படி ஒரே சொல்லாகிவிட்டன.

இந்த முறை பிறந்தது விண்வெளிப் பயணத்துக்காக. 1960-களில் நாசாவுக்கு உணவு தயாரித்த பில்ஸ்பரி நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். பொட்டலங்களைப் பிரித்துச் சோதித்தே பாதுகாப்பை உறுதி செய்வதென்றால், சோதனைக்கே பெரும்பகுதி போய்விடும். அதனால் கெடுதல் எந்தக் கட்டத்தில் நுழையும் என்று முன்கூட்டியே கண்டு, அங்கேயே அடைக்கும் முறையை வகுத்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பும் கடலுணவுக்கு இது 1997 டிசம்பர் 18 முதல் கட்டாயம்.

தமிழில் ‘இடர் பகுப்பாய்வு மற்றும் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ‘ஹசார்டு’ என்பது கிருமி, மருந்து எச்சம், கத்தியின் உடைந்த துணுக்கு போன்ற தீங்கு. அது நேர்வதற்கான வாய்ப்புதான் இடர். ‘பாயிண்ட்’ என்பதும் காகிதத்தில் வைக்கும் புள்ளி அல்ல, வேலையில் ஒரு கட்டம்.

‘கிரிட்டிக்கல்’தான் இதில் உயிர்ச்சொல். தீர்ப்பிடுதல் என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘முக்கிய’ என்று போட்டால் அந்தக் கூர்மை போய்விடுகிறது. சூரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதன் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், நாற்றமும் வராமல் போகலாம். ஆனால் உறைய வைத்தாலும் வேகவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. அதனால் லாரியிலிருந்து இறக்கும் இடத்திலேயே தடித்த சதையில் வெப்பமானியைக் குத்திப் பார்க்கிறார்கள், படகிலிருந்து எப்படி வந்தது என்ற பதிவையும் கேட்கிறார்கள். அங்கே விட்டுவிட்டால் அப்புறம் அதை நீக்க வழியில்லை. தரையைக் கழுவுவதும் கை கழுவுவதும் அவசியம்தான், ஆனால் அவை பொதுச் சுகாதார நடைமுறையில் அடங்கும். ஆகவே அவற்றைக் ‘கிரிட்டிக்கல்’ என்று குறிப்பதில்லை.

ஆகவே ‘தீங்காய்வும் இன்றியமையாத் தடுப்புக் கட்டங்களும்’ என்பதே பொருத்தம் என்பேன். நீளம்தான், சரி. கம்பெனிக்குள் பேச ‘தடுப்புக் கட்டம்’ போதும். பொட்டலங்கள் உலோகங்காட்டியைக் கடக்கும் இடத்தில் ‘சிசிபி’ (‘கிரிட்டிக்கல் கன்ட்ரோல் பாயிண்ட்’ என்பதன் சுருக்கம்) என்ற பலகைக்குப் பதில் ‘தடுப்புக் கட்டம்: உலோகத் துணுக்கு’ என்று எழுதிவைத்தால், எதற்காக அங்கே நிற்கிறோம் என்று இறால் உரிக்க வந்த அக்காவுக்கும் படித்ததுமே புரியும்.